மிசிசிப்பி முகத்துவாரத்தில் நண்பனையும் படகையும் ஏற்றி வர வேண்டும்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

சுமைதாங்கி | அக்டோபர் 24, இரவு 9.40

வணக்கம். இங்கே ஆற்றுப் பயணம் செய்தவர்கள் சிலர் இருப்பதைப் பழைய இழைகளில் பார்த்தேன். அந்த நம்பிக்கையில் கேட்கிறேன்.

என் கல்லூரித் தோழன் ஆகஸ்ட் 18 அன்று மினசோட்டாவின் இட்டாஸ்கா ஏரியிலிருந்து 17 அடி கனூ ஒன்றில் தனியாகக் கிளம்பினான். அங்கே மிசிசிப்பி என்பது கற்களின் மேல் கால் வைத்துத் தாண்டிவிடக்கூடிய ஓடை. இன்று மாலை விக்ஸ்பர்க் பாலத்துக்குக் கீழே மணல்திட்டில் கூடாரம் போட்டிருக்கிறான். 67 நாள் ஆகிவிட்டது. இனி மெக்சிகோ வளைகுடா வரை சுமார் 450 மைல்.

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். இன்னொரு நண்பன் அட்லாண்டாவில். மூன்றாமவர் பாட்டன் ரூஜில் குடும்பத்தோடு இருக்கிறார். கல்லூரியில் எங்களுக்கு மூத்தவர், அண்ணன் மாதிரி. "உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை, கடைசியில் வந்து என்னை ஏற்றிக்கொண்டு போனால் போதும்" என்று கிளம்பும்போது சொன்னான். அந்த ஏற்றிக்கொண்டு போவதில் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று இப்போதுதான் உட்கார்ந்து யோசிக்கிறோம். வயிற்றைக் கலக்குகிறது.

எங்கே காத்திருப்பது? படகை எப்படிச் சிகாகோவில் இருக்கும் அவன் வீட்டுக்குக் கொண்டுபோவது? எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தத் தேதிக்கு விடுப்பு எழுதுவது? அவன் "நவம்பர் 8 வாக்கில்" என்கிறான். அந்த "வாக்கில்" என்ற சொல்லை என் மேலாளருக்கு எப்படி விளக்குவது?

நெய்தல் | அக்டோபர் 24, இரவு 10.55

நான் நியூ ஆர்லியன்ஸில் பதினோரு வருடமாக இருக்கிறேன். இதுவரை இரண்டு பேரை இப்படி ஏற்றி வந்திருக்கிறேன். ஒருவர் என் கணவரின் அலுவலக நண்பர், இன்னொருவர் யாரென்றே தெரியாத பிரெஞ்சுக்காரர்.

தேதியைப் பிறகு பார்க்கலாம். ஆறு எங்கே முடிகிறது என்று உங்கள் நண்பர் நினைக்கிறார்? அதை முதலில் கேளுங்கள். மூன்று பதில் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் கரையேறி முடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஆற்றின் முடிவிலிருந்து மேல்நோக்கி எண்ணும் கணக்கில் அது மைல் 95. நெடுஞ்சாலை 23 போய் முட்டும் வெனிஸ் என்ற ஊரில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள்; அது மைல் 10 அளவில். ஆறு மூன்றாகப் பிரியும் ஹெட் ஆஃப் பாசஸ்தான் மைல் பூஜ்யம். ஆனால் பூஜ்யத்திலும் கடல் கிடையாது. அங்கிருந்து சவுத் பாஸ் என்ற கிளை வழியாக இன்னும் ஏறத்தாழ 13 மைல் போனால்தான் உப்புத் தண்ணீர்.

வெனிஸுக்குக் கீழே சாலையே இல்லை. கோரைப்புல்லும் சேறும்தான். அவர் நீரோட்டத்தோடு கீழே போய்விடுவார், அது பெரிய விஷயமில்லை. திரும்பி எப்படி வருவார்? 80 நாள் துடுப்பு வலித்த கையோடு ஓட்டத்தை எதிர்த்து இருபது மைலுக்கு மேல் ஏறச் சொல்வீர்களா? வெனிஸில் மீன்பிடிக்க ஆள் ஏற்றிப் போகும் மோட்டார் படகுக்காரர்கள் பலர் உண்டு. அவர்களில் ஒருவரிடம் இப்போதே பேசி வையுங்கள். கனூவையும் ஏற்றிக்கொள்வாரா என்று தனியாகக் கேளுங்கள், சிலர் மாட்டார்கள். கூலி சில நூறு டாலர் ஆகும்.

அரைக்கிணறு | அக்டோபர் 25, காலை 7.15

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். தனியாகப் போகிறேன் என்று ஒருவர் கிளம்புகிறார். முடிவில் மூன்று குடும்பத்தின் விடுப்பு, இரண்டு வண்டி, ஒரு மோட்டார் படகு. இதற்குத் தனிப் பயணம் என்று பெயர் வைத்தது யார்?

எங்கள் ஊரிலிருந்து பழனிக்குப் பாதயாத்திரை போவார்கள். நடப்பது நாற்பது பேர் என்றால், பின்னால் வேனில் அண்டா, அடுப்பு, பாய், கால்வலித் தைலம் எல்லாம் வரும். யாரும் "தனியாக நடந்தேன்" என்று பீற்றிக்கொள்வதில்லை. நான் டல்லாஸில் இருக்கிறேன். போன வருடம் ஒரு நண்பரின் மலையேற்றம் முடிகிற இடத்தில் காத்திருந்து நான்கு நாள் விடுப்பை இழந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சுமைதாங்கி | அக்டோபர் 25, காலை 8.02

அரைக்கிணறு, நீங்கள் சொல்வதில் பாதியை என் மனைவி நேற்றே சொல்லிவிட்டார். மீதிப் பாதியையும் இன்று எதிர்பார்க்கிறேன்.

நெய்தல், மிக்க நன்றி. அவனிடம் கேட்டேன். ஒரே வரியில் பதில்: "உப்பு கரிக்கும் வரை." ஆக, மூன்றாவது முடிவுதான்.

கரையேறி | அக்டோபர் 25, பிற்பகல் 1.30

நான் செயின்ட் லூயிஸிலிருந்து வளைகுடா வரை போனவன். மேலே லாக்குகள் (படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள்) உள்ள பகுதி எனக்குத் தெரியாது, கீழாறு தெரியும்.

தம்பி, அவரிடம் தேதி கேட்காதீர்கள். தேதி கேட்டால் பொய்தான் வரும். வேண்டுமென்று சொல்லும் பொய்யல்ல. உங்கள் மனம் நோகக்கூடாதே என்று ஒரு தேதி சொல்வார், பிறகு அந்தத் தேதியைப் பிடிக்க எதிர்காற்றில் துடுப்பு போடுவார். அங்கேதான் விபத்து. என் நண்பர்கள் விமான டிக்கெட் எடுத்துவிட்டார்கள் என்பதற்காக நான் ஒரு நாள் இருட்டில் போனேன். நங்கூரம் போட்டிருந்த பார்ஜ் (தட்டையான சரக்குப் படகு) வரிசைக்கும் கரைக்கும் நடுவே. பார்ஜின் முன்விளிம்புக்குக் கீழே தண்ணீர் உள்ளே இழுக்கும். அதில் படகு போனால் மேலே வராது. அன்று எனக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் மட்டும்தான்.

கேட்க வேண்டியது மைல் எண். கீழாற்றில் ஹெட் ஆஃப் பாசஸைப் பூஜ்யமாக வைத்து மேல்நோக்கி எண்ணிக்கொண்டு போவார்கள். இல்லினாய் மாநிலத்துக் கெய்ரோவில் ஒஹையோ ஆறு வந்து சேரும் இடம் 953. (மேலாற்றுக்காரர்களுக்கு இங்கே ஒரு அநியாயம் நடக்கும். அவர்களுடைய மைல் எண் குறைந்து குறைந்து கெய்ரோவில் பூஜ்யமாகும். அடுத்த வளைவில் 953 என்று மறுபடி தொடங்கும். உங்கள் நண்பரைக் கேட்டுப் பாருங்கள், திட்டுவார்.) விக்ஸ்பர்க் 437. பாட்டன் ரூஜ் 230 அளவில். தினம் மாலை ஒரு எண் மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். கடைசி ஐந்து நாளின் சராசரியை வைத்து மிச்சத்தை வகுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் நான்கு நாள் சேருங்கள். விடுப்பை அந்த நான்கு நாளின் நடுவில் எழுதுங்கள்.

எதற்கு நான்கு நாள்? வளைகுடாவிலிருந்து தெற்குக் காற்று அடித்தால் ஒரு நாள் போச்சு. மூடுபனி வந்தால் இரண்டு நாள் போச்சு. வடக்கே இருந்து வரும் ஆற்று நீர் குளிர்ந்திருக்கும், மேலே வளைகுடாவின் ஈரக்காற்று. பனி எழும்பினால் தன் படகின் மூக்கே தனக்குத் தெரியாது. அதற்குள் கப்பல்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

பாட்டன் ரூஜ் வரை கடல் கப்பல் வருகிறது என்பதை மறக்கவேண்டாம். அதற்குக் கீழே அவருடைய ரேடியோவை 67-ஆம் சேனலில் வைத்திருக்கவேண்டும்; மேலே 13-இல் பேசிய தள்ளுபடகுக்காரர்கள் கீழே 67-இல் பேசுவார்கள். நியூ ஆர்லியன்ஸில் அல்ஜீயர்ஸ் முனை என்று ஒரு வளைவு உண்டு. ஆறு அங்கே கிட்டத்தட்ட 200 அடி ஆழம். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது. வெள்ளக் காலத்தில் கப்பல்களையே விளக்குக் காட்டி நிறுத்தி விடும் இடம் அது. அங்கே அவர் காலை முதல் வேளையில், கரையை ஒட்டிப் போகட்டும்.

செயின்ட் லூயிஸிலிருந்து வளைகுடா வரை எங்கே தங்கலாம், எங்கே கூடாது என்று வளைவு வளைவாக எழுதிய ரிவர்கேட்டர் என்ற வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அவர் கையில் அது இருக்கும். கரையில் இருக்கும் நீங்கள் மூவரும் படித்துவிடுங்கள்.

தாமரைக்குளம் | அக்டோபர் 25, மாலை 6.10

ஒரு மாற்று யோசனை. மைல் 304 பக்கம் ஓல்ட் ரிவர் லாக் வழியாக அட்சஃபலையா ஆற்றுக்குள் திரும்பிவிடலாமே? கப்பல் கிடையாது, ரசாயன ஆலைகள் கிடையாது, கடலுக்குத் தூரமும் குறைவு. மார்கன் சிட்டி வரை சாலை இருக்கிறது. ஏற்றி வருபவர்களுக்கு எவ்வளவோ சுலபம். மேலும், அணை போட்டுத் தடுக்காமல் விட்டிருந்தால் மிசிசிப்பியே இந்நேரம் அந்த வழியாகத்தான் கடலுக்குப் போயிருக்கும். இப்போதும் 30 விழுக்காடு தண்ணீரை அந்தப் பக்கம்தான் திருப்பி விடுகிறார்கள்.

கரையேறி | அக்டோபர் 25, மாலை 6.48

அழகான வழி, மறுக்கவில்லை. பறவை பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் இட்டாஸ்காவிலிருந்து 1,900 மைல் வந்தவரிடம் "ஏற்றி வருபவர்களுக்குச் சுலபம், ஆகவே வேறு ஆற்றில் முடித்துக்கொள்" என்று சொல்ல எனக்கு நா எழாது.

தாமரைக்குளம் | அக்டோபர் 25, மாலை 7.05

அதுவும் அதே தண்ணீர்தானே ஐயா.

அரைக்கிணறு | அக்டோபர் 25, இரவு 7.31

முதன்முறையாக இந்த இழையில் ஒருவர் காத்திருப்பவர்களின் பக்கம் பேசியிருக்கிறார். தாமரைக்குளம், உங்களுக்கு என் ஓட்டு.

மூன்றாம்_சுற்று | அக்டோபர் 26, காலை 11.20

படகை ஏற்றுவது பற்றி யாரும் பேசவில்லை. நான் டெக்சாஸ் ஆறுகளில் வாரக்கடைசி ஓட்டக்காரன். நீண்ட பயணம் தெரியாது, ஆனால் கார் கூரையில் கனூ கட்டுவதில் முனைவர் பட்டம் வாங்கும் அளவுக்குத் தவறு செய்திருக்கிறேன்.

வாடகைக் காரின் கூரையில் கட்டலாம் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்கு இடமில்லை, கீறல் விழுந்தால் உங்கள் தலையில்தான் விடியும். சொந்த வண்டி இருந்தால் நல்லது. இல்லையென்றால் 20 அடிப் பெட்டி உள்ள வாடகை லாரி எடுங்கள். 17 அடிக் கனூ அதற்குள் படுத்துக்கொள்ளும், மூட்டை முடிச்சும் போகும், மழையும் படாது.

கூரையில் கட்டினால், நடுவே இரண்டு பட்டை மட்டும் போதாது. மூக்கிலிருந்து முன் பம்பருக்கும் வாலிலிருந்து பின் பம்பருக்கும் கயிறு வேண்டும். பின்பக்கம் 4 அடிக்கு மேல் நீட்டினால் பல மாநிலங்களில் சிவப்புத் துணி தொங்கவிட வேண்டும். இன்னொன்று: பட்டையைத் தட்டையாக இழுத்துக் கட்டினால் 60 மைல் வேகத்தில் தலைக்கு மேல் நாதஸ்வரத்தில் ஒத்து ஊதுவது போல ஒரே சுருதியில் அலறும். கட்டும் முன் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிவிடுங்கள், சத்தம் நின்றுவிடும். ஏழு மணி நேரம் அதைக் கேட்டுக்கொண்டே வந்தவன் சொல்கிறேன்.

சாவி விஷயம். ஆற்றுக்காரர்கள் வீட்டில் சண்டை வருவது பெரும்பாலும் சாவியால்தான். மேல்முனையில் ஒரு வண்டி, கீழ்முனையில் ஒரு வண்டி நிற்கும். கீழ்முனை வண்டியின் சாவி மேல்முனை வண்டிக்குள் இருக்கும். சாவியைக் கயிற்றில் கோத்து ஒருவர் கழுத்தில் போட்டுவிடுங்கள். பையில் வேண்டாம், சட்டைப் பையிலும் வேண்டாம்.

சுமைதாங்கி | அக்டோபர் 26, இரவு 9.15

எல்லாருக்கும் நன்றி. கரையேறி சொன்னபடி அவனுக்குச் செய்தி அனுப்பினேன்: இனி தேதி வேண்டாம், எண் மட்டும் போதும். உடனே "388" என்று வந்தது. பின்னாலேயே இன்னொன்று: "இது முன்னாடியே தோன்றியிருக்கக் கூடாதா?"

அந்த 953 சமாச்சாரத்தையும் கேட்டேன். திட்டினான்.

சுமைதாங்கி | நவம்பர் 1, இரவு 11.50

பாட்டன் ரூஜில் நேற்று மாலை அவனைப் பார்த்தோம். நடந்ததை எழுதுகிறேன், அடுத்து வருபவர்களுக்கு உதவும்.

நாங்கள் ஒரு கல்யாணப் பந்தியையே கட்டிக்கொண்டு போயிருந்தோம். அண்ணி புளியோதரை, தக்காளித் தொக்கு, இரண்டு டப்பா முறுக்கு, வாழைப்பழச் சீப்பு எல்லாம் கட்டிக்கொடுத்திருந்தார். நான் ஹூஸ்டனிலிருந்து பத்து நாளுக்கான மளிகை. கரை முழுவதும் கல் பாவிய சரிவு. அதில் படகை மூக்கு மோதாமல் நிறுத்துவதற்கே இருவர் முட்டியளவு தண்ணீரில் இறங்க வேண்டியிருந்தது.

அவன் மூட்டைகளைப் பார்த்தான். முகம் மலரவில்லை. "இதை எங்கே வைப்பேன்?" என்றான். கனூவின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண் கூட இல்லாமல் ஏற்கெனவே சுமை. கப்பல் அலை வரும் ஆற்றில் அதற்கு மேல் ஏற்ற முடியாது என்பது எங்களுக்குத் தோன்றவேயில்லை. கடைசியில் அவன் எடுத்துக்கொண்டவை: எலுமிச்சை ஊறுகாய், தக்காளித் தொக்கு, நான்கு ஜோடி காய்ந்த காலுறை, சார்ஜ் ஏற்றிய மின்கலம், தண்ணீர்க் கேன்கள். தண்ணீர் மட்டும் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கினான். மிச்சம் எல்லாம் அண்ணன் வண்டியில் திரும்பி வந்தது. முறுக்கை நான் தின்றுகொண்டே இதை எழுதுகிறேன்.

அண்ணி பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தார். அவன் டம்ளரை விரலால் பிடிக்கவில்லை. இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து அழுத்தித் தூக்கினான். விரல்கள் துடுப்பைப் பிடித்த வளைவிலேயே நின்றுவிட்டன, காலையில் நீட்டவே அரைமணி ஆகிறது என்றான். "வலிக்கிறதா?" என்று அண்ணி கேட்டதற்கு, "இல்லை அண்ணி, மறந்துபோச்சு" என்றான். வலி மறந்துபோச்சா, விரலை நீட்ட மறந்துபோச்சா என்று தெரியவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். அவனால் எதையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. "இன்றிரவு அண்ணன் வீட்டில் படுக்கிறாயா, கரையிலேயே படுக்கிறாயா?" என்று கேட்டால் ஆற்றையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். அண்ணன்தான், "ஏறுடா வண்டியில்" என்று அதட்டினார். உடனே ஏறிவிட்டான். படகைக் காவல் காக்க நான் கரையில் படுத்தேன். நடு இரவில் ஒரு கப்பல் போனது. அது போய் ஒரு நிமிடம் கழித்துத்தான் அலை வந்தது. நான் கட்டியிருந்த இடத்துக்கும் மேலே நனைத்துவிட்டுப் போனது.

கரையேறி | நவம்பர் 2, காலை 6.20

படகைக் கட்டினால் மட்டும் போதாது. ஆள் உயரத்துக்கு மேலே இழுத்துப் போட்டு, அதன் பிறகு கட்ட வேண்டும். அவருக்கு அது பழகியிருக்கும். உங்களுக்கு ஒரு இரவில் பாடம் வந்துவிட்டது.

முடிவெடுக்க முடியாமல் நிற்பது பற்றி எழுதியது முக்கியம். எனக்கும் அப்படித்தான் இருந்தது. எழுபது நாளாக ஒரே ஒரு கேள்விதான்: இன்று எங்கே படுப்பது. கரையில் வந்ததும் ஆளாளுக்கு ஐந்து கேள்வி கேட்பார்கள். ஆகவே உங்கள் மூவரில் ஒருவர் மட்டும் அவரிடம் பேசுங்கள். அதட்டத் தெரிந்த அண்ணனே பொருத்தம்.

நெய்தல் | நவம்பர் 2, இரவு 8.40

சுமைதாங்கி, நீங்கள் வெனிஸுக்குப் போகும் வழியில் என் வீட்டில் தங்கிக்கொள்ளலாம், கூச்சம் வேண்டாம். அல்ஜீயர்ஸ் பக்கம்தான் வீடு. வெனிஸ் அங்கிருந்து ஒன்றரை மணி நேரம். அவர் என் வீட்டைத் தாண்டும் அன்று ஆற்றங்கரை மண்மேட்டில் நின்று கையசைக்கிறேன். என் மகன் இப்போதே அட்டையில் எழுத ஆரம்பித்துவிட்டான்.

தண்ணீர் நிறைய வாங்கிக்கொண்டார் என்பது சரி. இங்கிருந்து கீழே அது அவசியம். ஆறு வற்றும் வருடங்களில் கடல்நீர் ஆற்றின் அடிப்பகுதி வழியாக மேல்நோக்கி ஏறி வரும். 2023-இல் கீழே உள்ள ஊர்க்காரர்கள் மாதக்கணக்கில் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். ஆற்றுக்குள் அடியில் தடுப்புமேடு கட்டி அதை நிறுத்த வேண்டியிருந்தது.

போகும் வழியில் நெடுஞ்சாலை 23 ஓரம் சட்சுமா ஆரஞ்சு விற்பார்கள். இந்த மாதம்தான் அதற்குப் பருவம். தோல் பச்சையாக இருந்தால் காய் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள், உள்ளே பழுத்திருக்கும். ஒரு பை வாங்கிப் போங்கள். விரல் நீட்ட வராதவருக்கும் உரிக்க வரும் பழம் அது.

சுமைதாங்கி | நவம்பர் 10, இரவு 10.05

வெனிஸிலிருந்து எழுதுகிறேன். மூன்றாவது நாள். மூடுபனி.

எட்டாம் தேதி மாலை "21" என்று எண் வந்தது. கத்ரீனா புயல் 2005-இல் கரையேறிய புராஸ் ஊருக்குச் சற்றுக் கீழே, பழைய கோட்டை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில். நேற்றும் "21". இன்றும் "21", கூடவே: "எதுவும் தெரியவில்லை. ஹாரன் மட்டும் கேட்கிறது. தொக்கு தீர்ந்தது."

சாலை வழியாகப் போய்ப் பார்த்துவிடலாமா என்று அண்ணன் கேட்டார். கோட்டைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கரை மேட்டில் ஏறி நின்று கூப்பிட்டுப் பார்த்தோம். பதில் குரல் வந்தது, ஆள் தெரியவில்லை. ஆறு எங்கே தொடங்குகிறது என்றுகூடத் தெரியவில்லை. அவன் அக்கரையில் இருந்தான். குரலுக்குக் குரல் கொஞ்ச நேரம் பேசிவிட்டுத் திரும்பினோம்.

அட்லாண்டா நண்பனின் விடுப்பு இன்றோடு முடிந்தது. விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவன் பேசவில்லை. அரைக்கிணறு, நீங்கள் ஏதாவது எழுதப்போகிறீர்கள் என்று தெரியும். இன்று வேண்டாம்.

மோட்டார் படகுக்காரர் நல்ல மனிதர். தினம் காலை ஐந்து மணிக்கு எங்களோடு வந்து நிற்கிறார், பனியைப் பார்க்கிறார், தலையை ஆட்டுகிறார், காபி குடிக்கப் போய்விடுகிறார். காத்திருந்த நாளுக்குக் கூலி கேட்கவில்லை.

அரைக்கிணறு | நவம்பர் 10, இரவு 10.40

எழுதவில்லை. நாளை வடக்குக் காற்று வருவதாக வானிலையில் போட்டிருக்கிறது. பனி கலையும்.

கரையேறி | நவம்பர் 11, காலை 5.30

காற்று திரும்பிவிட்டது. அவர் கிளம்பினால் வெனிஸுக்கு 11 மைல், பூஜ்யத்துக்கு 21. அங்கே சவுத் பாஸில் திரும்பச் சொல்லுங்கள். கப்பல்கள் எல்லாம் சவுத்வெஸ்ட் பாஸ் வழியாகப் போகும், இந்தப் பக்கம் வராது. ஒரே நாளில் கடல் வரை போக ஆசைப்படுவார். விடாதீர்கள், இரவு பூஜ்யத்துக்குப் பக்கத்தில் தங்கட்டும். கடைசி 13 மைலை வெளிச்சத்தில் போகட்டும்.

சுமைதாங்கி | நவம்பர் 14, இரவு 9.30

முடிந்தது. பன்னிரண்டாம் தேதி பிற்பகல் 1.10.

நாங்கள் காலை ஒன்பதுக்கு வெனிஸிலிருந்து மோட்டார் படகில் கிளம்பினோம். சவுத் பாஸ் முழுக்க இரண்டு பக்கமும் ஆளுயரக் கோரை, வெள்ளைக் கொக்குகள், எப்போதாவது ஒரு சாய்ந்த கம்பம். போர்ட் ஈட்ஸுக்குக் கொஞ்சம் மேலே அவனைப் பிடித்தோம். ஆற்றின் வேகத்தைக் கொண்டே வண்டலை அள்ளவைக்கலாம் என்று ஜேம்ஸ் ஈட்ஸ் என்ற பொறியாளர் 1870-களில் இணைச்சுவர் கட்டிக் காட்டிய இடம் அது. சுவர்களின் மிச்சம் இன்னும் நிற்கிறது. நாங்கள் பின்னால் தூரமாகவே போனோம், இன்ஜினை முனகவிட்டுக்கொண்டு.

சுவர் முடிந்து, எதிரே ஒன்றுமே இல்லாத இடம் வந்தது. நாங்கள் கைதட்டினோம். அவன் கையைத் தண்ணீரில் விட்டு வாயில் வைத்தான். திரும்பிப் பார்த்து, "இன்னும் வரவில்லை" என்று கத்தினான். என்ன வரவில்லை என்று படகுக்காரர் கேட்டார். உப்பு என்றேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஆறு கடலுக்குள் போயும் நெடுந்தூரம் நன்னீராகவே மேலே ஓடுமாம். அவன் இன்னும் கால் மைல் போனான். நக்கினான். தலையை ஆட்டினான். அலை தூக்க ஆரம்பித்துவிட்டது. கனூ தூக்கி இறங்கும்போதெல்லாம் அவன் தோள் மட்டும் தெரிந்தது. அண்ணன், "போதும்டா, திரும்பு" என்று அதட்டினார். முதல் தடவையாக அந்த அதட்டல் பலிக்கவில்லை.

பழுப்புத் தண்ணீர் ஒரு கோட்டில் நின்று, அதற்கப்பால் பச்சை தொடங்கியது. வரப்பு மாதிரி, நுரையும் குச்சியும் மிதக்கிற கோடு. அவன் அந்தக் கோட்டைத் தாண்டி ஒரு கை அள்ளி வாயில் ஊற்றி, துப்பினான். துடுப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். படகுக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் அவனைக் கைப்பிடித்து மேலே இழுத்தபோது அவனால் நேராக நிற்க முடியவில்லை, இருவர் தோளிலும் தொங்கினான். சட்சுமாவை அவனே உரித்தான். நெய்தல், நீங்கள் சொன்னது சரி.

இப்போது சாவி. மூன்றாம்_சுற்று கழுத்தில் மாட்டு என்று எழுதியிருந்தார். படித்தேன், பாராட்டினேன், வண்டிச் சாவியை என் மேல்கோட்டுப் பையில் போட்டேன். படகில் அவன் நடுங்கினான் என்று கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டேன். அது நனைந்ததும் அவன் பொறுப்பாகச் சுருட்டித் தன் அழுக்குத் துணி இருக்கும் நீர்புகாப் பைக்குள் திணித்துவிட்டான். வெனிஸ் படகுத்துறையில் நாற்பது நிமிடம் தேடினோம். 86 நாள் காலுறைகள் அடங்கிய பை அது. சாவி கிடைத்தது. அந்தப் பையைத் திறந்தவன் நான்தான் என்பதை மட்டும் பதிவு செய்துகொள்கிறேன்.

அண்ணன் அவனைப் பாட்டன் ரூஜுக்குக் கூட்டிப்போனார். இரண்டு நாள் தூங்கிவிட்டு இன்று காலை விமானத்தில் சிகாகோ போய்விட்டான். கனூவை நான் என் வண்டிக் கூரையில் கட்டி ஹூஸ்டன் கொண்டுவந்தேன். பட்டையை முறுக்கித்தான் கட்டினேன். சத்தமே இல்லை.

படகு இப்போது என் கராஜில், மனைவியின் காருக்கு உரிய இடத்தில் இருக்கிறது. சிகாகோ பக்கம் யாராவது வண்டியில் போகிறீர்களா?

மூன்றாம்_சுற்று | நவம்பர் 14, இரவு 9.52

சட்டைப் பையிலும் வேண்டாம் என்று எழுதியிருந்தேன். கோட்டுப் பை என்று தனியாக எழுதாதது என் தவறு.

அரைக்கிணறு | நவம்பர் 14, இரவு 11.18

கிறிஸ்துமஸுக்கு மைத்துனர் வீட்டுக்குப் போகிறோம், சிகாகோவுக்கு முன்னால் நேப்பர்வில். டிசம்பர் 21 காலையில் கிளம்புவோம். 21 என்றால் 21, "வாக்கில்" எல்லாம் கிடையாது. வண்டிக் கூரையில் கம்பி இருக்கிறது. டல்லாஸ் வரை நீங்கள் கொண்டுவர வேண்டும். பட்டையும் சிவப்புத் துணியும் உங்களுடையது. முதல் பதிவில் 17 அடி என்று எழுதியிருக்கிறீர்கள்; அளந்து சொன்னீர்களா, அவர் சொன்னதை எழுதினீர்களா?